பொங்கல் சீருக்கு எத்தனை ஜிபி

ஊசி இரண்டும் ஏறியாகிவிட்டது. இனி நாலு மணி நேரத்துக்குச் சந்தனமாரியின் இடது கை அவளுடையது அல்ல, டயாலிசிஸ் மிஷினுடையது. ஒரு குழாயில் ரத்தம் வெளியே போகிறது, இன்னொரு குழாயில் சுத்தமாகித் திரும்பி வருகிறது, நடுவில் அந்தப் பெட்டி யார் ரத்தமானால் எனக்கென்ன என்று தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வலது கை மட்டும் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கிற கையில்தான் வினை இருக்கிறது, செல்போன். ஆஸ்பத்திரியின் இந்தக் கீழ்த்தளத்துக்குள் டவர் கிடையாது, படி இறங்க இறங்க ஒவ்வொரு கோடாகச் செத்துக்கொண்டே வரும். அது முழுசாகச் சாவதற்குக் கொஞ்சம் முன்னால், கடைசிப் படிகளில் வந்து விழுந்தது தம்பி காளிராஜின் மெசேஜ். அக்கா, சீருக்குப் படம் பாக்குற டேப் எடுக்க இன்னைக்குப் போறேன், 64, 128, 256 ஜிபின்னு மூணு இருக்காம், எது வேணும்னு சொல்லு, சாயந்தரம் கடைக்குப் போயிருவேன். அவ்வளவுதான். இதைப் படித்தால் யாராக இருந்தாலும் சந்தோஷப்பட வேண்டும். அப்பா அம்மா போன பிறகும் பிறந்த வீட்டுச் சீர் நிற்கவில்லை, கூடப்பிறந்தவன் செய்கிறான், அதுவும் மூன்றில் எது வேண்டும் என்று கேட்டுச் செய்கிறான். ஆனால் சந்தனமாரியால் சந்தோஷப்பட முடியவில்லை. ஏனென்றால் காளிராஜ் அவளுக்கு இன்னொரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, பல வாரமாகச் சொல்லாமல் இருக்கிறான். அவனுடைய கிட்னி ஒன்றை அவளுக்குக் கொடுப்பானா, மாட்டானா என்பது அந்தப் பதில். அதைச் சொல்லாதவன் இதைக் கேட்கிறான்.

பார்க்கப்போனால் அவளா கேட்டாள், அவன்தான் முதலில் வாயைத் திறந்தான். டாக்டர் மாற்று சிறுநீரகம் வைத்தால் நல்லது என்று சொன்ன அன்று வீட்டில் ஆளாளுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் இருக்கேன்ல, என்று எழுந்து நின்றான். புருஷன் அழகர்சாமிக்குச் சர்க்கரை, அவரை முதல் வாசலிலேயே கழித்துவிட்டார்கள், அதற்காக இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். மகன் நான் தரட்டுமா என்று கேட்டான், வாயை மூடுடா என்றாள், அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. மிச்சம் காளிராஜ். மதுரைக்குப் போய் ரத்தம் கொடுத்தான், ஒரே ரத்தம், பொருந்தியும் போயிற்று. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்குக் கறுப்பு டீயும் தனக்குப் பாலும் வாங்கிக்கொண்டு, பாத்தியாக்கா, நம்ம அம்மா ரெண்டு பேரையும் ஒரே துணியில வெட்டித் தச்சிருக்கா, என்று சிரித்தான். பிறகு அடுத்த டெஸ்டுக்கு வரச்சொல்லி மதுரையிலிருந்து போன் வந்தது. அவனுக்குக் காய்ச்சல். அப்புறம் லோடு. அவன் ஓட்டுவது சின்ன லோடு வண்டி, சிவகாசியிலிருந்து காலண்டர் கட்டு ஏற்றுகிற காலம், கார்த்திகை மார்கழி விட்டால் வருமானம் ஏது, சரி. அப்புறம் அவன் சின்ன மகளுக்குப் பரீட்சை, சரி. அப்புறம் அவன் மாமியார் ஏதோ நேர்த்திக்கடன் என்று அவனைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போனாள், சரி. எல்லாம் சரிதான், ஆனால் இத்தனை சரி சேர்ந்தால் ஒரு சரியில்லை வந்துவிடுகிறதே. நேராகக் கேட்டுவிடலாம்தான். எப்படிக் கேட்பது. டேய் உன் வயிற்றைக் கிழித்து ஒன்றை எடுத்துக் கொடு என்றா. அம்மா சொல்வாள், பிறந்த வீட்டிலிருந்து கேட்காமல் வந்தால் அது சீர், கேட்டு வாங்கினால் அது பிச்சை. அவனாலும் அக்கா முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல முடியாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு இல்லை என்று ஒரு வார்த்தை அவன் சொன்னதே கிடையாது. இவள் கேட்க மாட்டாள், அவன் மறுக்க மாட்டான், நடுவில் பொங்கல் வந்துவிட்டது.

போன பொங்கலுக்கு அவன் சீர் கொண்டுவந்தபோது இவள் மிஷினில் ஏறிக் கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்தது. வழக்கம்போல வண்டி நிறைய வந்தது. கட்டுக் கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், தேங்காய், ஒரு முழு வாழைத்தார், கிழங்கு வகை, பூசணி. தெருவே பார்க்க ஒவ்வொன்றாக இறக்கினான். டயட் சொல்லிக்கொடுக்கிற பெண் தொடக்கூடாது என்று சொன்ன சாமானெல்லாம் வரிசையாக வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டன, அவளை வெறுப்பேற்றுவதற்கென்றே யாரோ யோசித்து அனுப்பியதுபோல. வாழைப்பழத்தில் பொட்டாசியம், தேங்காயில் பொட்டாசியம், கிழங்கில் பொட்டாசியம், நெஞ்சு நின்றுபோகும் என்றிருந்தாள் அந்தப் பெண். எல்லாரும் முற்றத்தில் கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார்கள். இவள் அடுப்படிக்குள் போய் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டு அதக்கிக்கொண்டு நின்றாள், ஒரு நாள் முழுக்க ஒரு செம்புத் தண்ணீருக்குள் காலம் தள்ளுகிறவளுக்கு ஐஸ் கட்டிதான் கரும்பு. அதைக் காளிராஜ் பார்த்துவிட்டான். தண்ணீர் குடிக்க வந்தவன் குடிக்காமலே திரும்பிப் போனான். அதனால்தான் இந்த வருஷம், நீ திங்க முடியாததைத் தூக்கிட்டு வந்து என்னத்துக்குக்கா, உனக்குன்னு ஒண்ணு தாரேன், அங்க படுத்துக்கிட்டு நல்லா பெருசா படம் பாரு, என்றான் போன வாரம். கேட்டபோது கண் கலங்கிவிட்டது. அது பாசம்தான், அதில் சந்தேகமே இல்லை. பாசம்தான் என்று நினைத்து முடிப்பதற்குள் இன்னொரு நினைப்பு பின்னாலேயே வந்து நின்றது. அங்கே படுத்துக்கொண்டு பார் என்றால், அங்கேயே படுத்திரு என்றுதானே அர்த்தம். ஒன்றைக் கொடுக்க முடியாதவன் இன்னொன்றைப் பெரிதாகக் கொடுக்கிறான். சே, என்ன புத்தி இது. ரத்தத்தோடு சேர்த்து இந்தப் புத்தியையும் மிஷின் கொஞ்சம் கழுவிக் கொடுத்தால் தேவலை.

கழுவவில்லை. அது மறுபடி சுற்றிக்கொண்டு வந்தது, குழாயில் ரத்தம் வருவதுபோல, போன வழியாகவே. சரி, உட்கார்ந்து யோசிப்போம், படுத்திருக்கிறோம், படுத்தே யோசிப்போம், மிஷினை நிறுத்துவதற்குள் முடிவு எடுத்தே தீர வேண்டும், வழவழ கொழகொழ என்று விட்டு இதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மகன் ஏற்கெனவே பாடம் எடுத்திருந்தான். இந்த மாடலில் தனியாகக் கார்டு போடுகிற இடம் கிடையாதாம், வாங்கும்போது எவ்வளவோ அதுதான் கடைசிவரைக்கும். அறுபத்துநாலு என்பது பேருக்குத்தானாம், அதில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடுமாம். இங்கே டவர் இல்லாததால் எதைப் பார்ப்பதானாலும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு வர வேண்டும். வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம். ஆகவே எத்தனை ஜிபி என்று கேட்டால், எத்தனை காலம் இங்கே படுத்திருக்கப் போகிறாய் என்று கேட்டதாகத்தான் அவளுக்குக் காதில் விழுகிறது. அறுபத்துநாலு என்று சொன்னால், கொஞ்ச நாள்தானேடா, அப்புறம்தான் நீ கொடுக்கப் போகிறாயே, எனக்கு எதற்கு நிறைய என்று ஆகும். அது கழுத்தில் துண்டைப் போட்டு முறுக்குகிற மாதிரி. அல்லது, நான் எத்தனை நாள் இருக்கப் போகிறேன், எனக்கு இது போதும் என்றும் ஆகும், அது இன்னும் மோசம், அவன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுவான். இருநூற்று ஐம்பத்தாறு என்று சொன்னால், சரி, நீ கொடுக்க மாட்டாய் என்று தெரிந்துவிட்டது, நான் இங்கேயே குடியிருக்கிறேன் என்று ஆகும். நடுவில் நூற்று இருபத்தெட்டு இருக்கிறது. நல்ல பிள்ளை. யாருக்கும் நோகாது. ஆனால் அது ஒரு பதிலே இல்லை, இத்தனை வாரமாக அவன் சொல்லிக்கொண்டிருக்கிற காய்ச்சல், லோடு, பரீட்சை, அதன் தங்கச்சிதான் நூற்று இருபத்தெட்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆற்றையே எப்படி அளப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஆறு என்று நினைத்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அவள் பார்ப்பது படம் அல்ல, அது வீட்டில் யாருக்கும் தெரியாது. தண்ணீர். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் எவனோ ஒரு புண்ணியவான் அருவிக்கு எதிரே கேமராவை வைத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கிறான், பாட்டு இல்லை, பேச்சு இல்லை, விழுந்துகொண்டே இருக்கிறது. அந்த மாதிரி நிறையக் கிடக்கின்றன. தாமிரபரணி, மணிமுத்தாறு, மழையில் ஒழுகுகிற ஓட்டு விளிம்புகூட. இந்தச் செல்போன் சின்னத் திரையில் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு பார்த்தால் அருவி ஒரு நூல் மாதிரி தெரியும், அதுவும் இரண்டு ஏற்றினால் இடம் இல்லை என்று கத்தும். பெரிய திரையில், தெளிவாக, ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி இருப்பவை பெரிய பெரிய சைஸ். தாகம் அதனால் கூடும் என்று சிஸ்டர் சொல்வாள், கூடவில்லை, அவளுக்கு மட்டும் அடங்குகிறது, ஏன் என்று யாருக்குத் தெரியும். அருவியில் அவள் காளிராஜைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவனுக்கு அப்போது ஏழெட்டு வயது, மெயின் அருவியில் பெண்கள் பக்கம் கூட்டிப் போய்விட்டாள், தண்ணீர் தலையில் விழுந்ததும் பயந்து, அக்கா மூச்சு முட்டுது, அக்கா மூச்சு முட்டுது என்று கத்தினான். அவன் மணிக்கட்டை அவள் விடவில்லை. நில்லுடா, ஒண்ணும் ஆகாது, பழகிரும் என்று சொல்லிப் பிடித்து நிறுத்தி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது, பிறகு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தான், அது வேறு கதை. ஆனால் இப்போது ஞாபகத்தில் நிற்பது பழகினது இல்லை. அந்த மணிக்கட்டு. அவள் பிடிக்குள் அது உருவிக்கொள்ளப் பார்த்தது. உருவிக்கொள்ளப் பார்த்தது, ஆனால் விடு என்று அவன் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

"யம்மா, குளிருதா?" என்றாள் ஜாய்ஸ் சிஸ்டர், கடந்து போகிறபோது போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டு. குளிரத்தான் செய்தது. ஏசிக் குளிர் இல்லை. பிறந்த வீடு ஒரு பெண்ணுக்குச் செய்கிற சீர்களை அவள் மனசு தன்னால் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது. சடங்குக்குச் சீர், கல்யாணத்துக்குச் சீர், தலைப்பொங்கல், வளைகாப்பு, பிள்ளைக்குக் காது குத்தினால் தாய்மாமன் மடி. எல்லாம் செய்து முடித்தபின் கடைசியாக ஒன்று இருக்கிறது. பிறந்த வீட்டுக் கோடி. செத்தவள் மேல் அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போர்த்துகிற புதுச் சேலை. அம்மாவுக்கு மாமா கொண்டுவந்தது பச்சை நிறம், மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது, இந்த மடிப்பைப் பிரிக்கக்கூட அம்மாவால் முடியாதே என்று அன்றைக்கு ஒரு நினைப்பு வந்து அவளைப் போட்டு உலுக்கியது. காளிராஜ் என்ன நிறம் எடுப்பான். அவனுக்கு நிறமே தெரியாது, ஜெயராணிதான் எடுத்துக் கொடுப்பாள், அவன் மனைவி, கெட்டிக்காரி, நல்ல நிறமாகத்தான் எடுப்பாள். கிட்னி கொடுப்பதற்கு அவளும் கையெழுத்துப் போட வேண்டும் என்று மதுரையில் சொல்லியிருந்தார்கள். அவள் போடமாட்டாள். ஏன் போட வேண்டும். இரண்டு பெண் பிள்ளைகள், புருஷன் லோடு ஏற்றி இறக்கிப் பிழைக்கிறவன், ஆபரேஷன் பண்ணினவன் கனம் தூக்கலாமா கூடாதா என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. வயிறே வேறு என்றால் வயிற்றுக்குள் இருக்கிறது மட்டும் எப்படி ஒன்றாகும், ஒரே துணியில் வெட்டியிருந்தாலும் இரண்டு சட்டைதானே. அவள் இடத்தில் நான் இருந்தால் போடுவேனா. அழகர்சாமியின் தங்கச்சிக்கு என்றால் போடுவேனா. மாட்டேன். முதலில் சரி என்பேன், பிறகு காய்ச்சல் என்பேன்.

அந்த இடத்தில் கெண்டைக்கால் இழுத்தது. முதலில் ஒரு நரம்பு சுண்டியது, பிறகு கால் முழுக்கப் பிழிகிற ஈரத்துணிபோல முறுக்கியது, அம்மா என்று சத்தம் வந்தது, அது தன் சத்தம்தான் என்று அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. மிஷின் கூவியது. கூரையில் இருந்த வெள்ளை விளக்கு தூரமாகப் போயிற்று, காது அடைத்தது. ஜாய்ஸ் சிஸ்டர் ஓடிவந்து கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினாள், பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி மடக்கினாள், பிரஷர் எறங்கிருச்சும்மா, ஒண்ணுமில்ல, சலைன் விடுறேன், என்று சொல்வது கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. இந்த மாதிரி நேரத்தில் மனிதர்களுக்கு சாமி ஞாபகம் வரும், பிள்ளை ஞாபகம் வரும் என்று சொல்வார்கள். சந்தனமாரிக்கு வந்தது ஆத்திரம். இன்றைக்குப் போகக்கூடாது. அவனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் போய்விட்டால் அவன் என்ன நினைப்பான். நான் கொடுக்காததால்தான் என்று நினைப்பான், சாகிற வரைக்கும் நினைப்பான், லோடு ஏற்றும்போது நினைப்பான், கோடியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நடந்து வரும்போது நினைப்பான். அந்த மணிக்கட்டை இன்னும் நான்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அவன் என்னைப் பிடித்து வைக்கவில்லை. இது எப்படி இத்தனை நாளாகத் தெரியாமல் போயிற்று. பேசாமல் இருந்தால் பெருந்தன்மை என்று நினைத்தேன். பேசாமல் இருப்பதும் ஒரு பிடிதான். கால் மெல்லப் பிரிந்தது. விளக்கு திரும்பி வந்து தன் இடத்தில் நின்றது. வாயில் உப்புக் கரித்தது. அழுதிருந்தாள்போல.

"டூட்டியில இருக்கும்போது தூங்கக்கூடாது தாயி," என்றார் பக்கத்துக் கட்டில் சங்கரபாண்டி. அரசு பஸ் டிரைவராக இருந்தவர், டயாலிசிஸை டூட்டி என்றுதான் சொல்வார், மிஷினை வண்டி என்பார். பத்து வருஷத்துக்கு மேலாக ஓட்டிக்கொண்டிருக்கிறார், அந்த அறையில் அவர்தான் சீனியர். அவர் வயிற்றின் மேல் ஒரு பழைய டேப் கிடந்தது, மூலையில் கீறல் விழுந்தது. "போயிட்டு வந்துட்டியா? நல்லது. எனக்கும் போன வாரம் இப்பிடித்தான், பாதி ரோட்டுல லைட்டு அணைஞ்சிருச்சு."

"அண்ணாச்சி," என்றாள் அவள், "உங்க டேப்பு எத்தன ஜிபி?"

அவர் அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார், பின்னால் எழுதியிருக்கும் என்பதுபோல. "இதுவா? இது முப்பத்திரெண்டு. கூத்தக் கேளு. நான் இங்க சேந்த புதுசுல என் மச்சினன் வாங்கிட்டு வந்தான். கடைக்காரன் பெருசு எடுங்கன்னிருக்கான். இவன், அந்தாளுக்கு எதுக்குங்க பெருசு, இருக்கிறதே கொஞ்ச நாளுன்னு சொல்லி இதை எடுத்துட்டு வந்துட்டான். கடையிலயே நின்னு கண்ணீர் வேற விட்டானாம்." சிரித்தார், சிரிப்பில் வயிறு குலுங்கி டேப் சரிந்தது. "அந்த மச்சினன் போயி நாலு வருசமாச்சு, பாவம், நெஞ்சுவலி. நான் இந்தா கெடக்கேன். ஒரு படம் பாக்கணும்னா ஒரு படத்தை அழிக்க வேண்டியிருக்கு. பாதி பாத்தத அழிச்சிட்டு வேறத ஏத்துவேன், அப்புறம் அது எப்பிடி முடிஞ்சிச்சோன்னு கெடந்து மண்டை காயும். வாங்குறதுதான் வாங்குறோம், மனுசன் இருப்பான்னு நம்பி வாங்கியிருக்கலாம்ல?"

மனுசன் இருப்பான் என்று நம்பி. சந்தனமாரி கூரையைப் பார்த்தாள். யாருமே அந்தப் பக்கத்திலிருந்து யோசிக்கவில்லை. பெரிதாக வாங்குவது என்றால் தோற்றுப்போய்ப் படுத்துக்கொள்வது என்று மட்டும்தான் அவளுக்குத் தோன்றியிருக்கிறது, இந்தாள் பத்து வருஷமாக இடம் போதாமல் அல்லாடுகிறார். இடம் போதாமல் அல்லாடுவது என்பது உயிரோடு இருக்கிறவனுடைய பிரச்சினை. செத்தவனுக்கு இடப் பஞ்சமே கிடையாது, ஆறடியோ, ஒரு சட்டியோ, அதோடு சரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் கால் மறுபடி இழுக்குமோ என்று பயந்து அடக்கிக்கொண்டாள். வேறு வழியும் இல்லாமல் இல்லை. இறந்துபோனவர்கள் கொடுக்கிற கிட்னிக்கு ஒரு வரிசை இருக்கிறது, பெயரைப் பதிந்துவைத்தால் முறை வரும்போது கூப்பிடுவார்கள், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். தம்பி இருக்கிறானே என்று அவள்தான் அதைக் காதில் வாங்கவில்லை. வருஷக்கணக்கில் ஆகலாமாம். ஆகட்டும். வருஷக்கணக்கில் இருந்து காட்டுகிறேன். ஒரு செம்புத் தண்ணீரில், கரும்பு இல்லாமல், வாழைப்பழம் இல்லாமல், வாரத்துக்கு மூன்று நாள் இந்தக் கட்டிலில் கையை நீட்டி இருந்து காட்டுகிறேன். அதற்குத் தேவையான தண்ணீரையெல்லாம் ஏற்றிக்கொள்கிறேன், குற்றாலம், பாபநாசம், ஒகேனக்கல், கடல் வேண்டுமானாலும். பயமாக இல்லையா என்றால் பயமாகத்தான் இருந்தது. ஆசை இல்லையா என்றால் அதுவும் இருந்தது, அவன் ஓடிவந்து, இல்லக்கா நான் தாரேன், டெஸ்டுக்கு இன்னைக்கே போறேன் என்று சொல்லிவிட மாட்டானா என்ற ஆசை ஒரு மூலையில் நாய்க்குட்டி மாதிரி வாலை ஆட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தது. இருக்கட்டும் என்று விட்டாள். அது பாட்டுக்கு இருக்கட்டும், முடிவை அது எடுக்க வேண்டாம்.

மிஷின் ஒரு நீளமான மணி அடித்து ஓய்ந்தது. ரத்தம் எல்லாம் வீடு திரும்பியது. ஜாய்ஸ் சிஸ்டர் ஊசிகளை உருவிப் பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னாள், அவள் வலது கைக் கட்டை விரலால் அழுத்தினாள், தோலுக்கடியில் ரத்தம் கிர்ரென்று ஓடுவது விரலுக்குத் தெரிந்தது, கைக்குள் ஒரு சின்ன அருவி. எடை பார்த்தார்கள். உடம்பு துவைத்துப் போட்ட துணிபோல லேசாக இருந்தது, தலை கிறுகிறுத்தது. படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே அழகர்சாமி சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருப்பார், பார்த்ததும் எழுந்து ஓடிவருவார், அவர் வருவதற்குள் பேசிவிட வேண்டும், அவர் முகத்தைப் பார்த்தால் பேச்சு மாறிவிடும். படித் திருப்பத்தில் செல்போனில் ஒரு கோடு உயிர் பெற்றது. மெசேஜ் அனுப்பலாம் என்றுதான் இருந்தாள். மூன்று இலக்கத்தைத் தட்டிவிட்டு ஒளிந்துகொள்ளலாம். வேண்டாம் என்று போனே போட்டாள். ஒரே மணியில் எடுத்தான்.

"சொல்லுக்கா. மிஷின் முடிஞ்சிருச்சா? எது எடுக்க?" பின்னால் வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"இருநூத்தி அம்பத்தாறு எடு."

"அம்புட்டு எதுக்குக்கா. நூத்தி இருபத்தெட்டே நிறைய வரும்னு கடைக்காரரு போன்ல சொன்னாப்ல. அதான் இன்னும் கொஞ்ச நாள்ல..."

"காளி. வண்டிய ஓரமா நிறுத்து."

எஞ்சின் சத்தம் நின்றது. ஒரு காக்கா கரைவது கேட்டது, அவன் பக்கமா அவள் பக்கமா என்று தெரியவில்லை.

"நான் சொல்றதக் கேளு, குறுக்க பேசாத. மதுரையில இருந்து இனி உனக்குப் போன் வராது. நான் டாக்டர்ட்டச் சொல்லி அந்த வரிசையில பேரு குடுக்கப் போறேன். செத்தவங்க குடுப்பாங்கள்ல, அது. எப்ப வருமோ தெரியாது. அதுவரைக்கும் மிஷின் இருக்கு. அதுக்குத்தான் பெருசு கேக்குறேன்."

"அக்கா, ஜெயராணிதான்க்கா, அவ கையெழுத்துப் போட..."

"அவ மேல போடாதடா. உனக்குப் பயம். எனக்கும்தான் பயம். யாருக்கு இல்ல. அதுக்காக நீ எந்தம்பி இல்லாமப் போயிருவியா?"

அதற்குமேல் அவனால் முடியவில்லை. சின்னப் பிள்ளையில் அழுத அதே மாதிரி, மூச்சு முட்டுகிற மாதிரி அழுதான். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அழுகையில் துக்கம் இருந்தது, வெட்கம் இருந்தது, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெரிய ஆசுவாசமும் இருந்தது, அது அவளுக்கு நன்றாகவே கேட்டது. மூலையில் உட்கார்ந்திருந்த நாய்க்குட்டி எழுந்து போய்விட்டது. நெஞ்சு வலித்தது. வலிக்கட்டும், இது டாக்டரிடம் சொல்ல வேண்டிய வலி இல்லை.

"அழுது முடிச்சிட்டியா? இன்னொண்ணு கேளு," என்றாள், குரலை எடுத்து நிறுத்தி. "கரும்பும் கொண்டாரணும். மஞ்சக் கொத்து, வாழைத்தாரு, எல்லாம் எப்பவும்போல வண்டியில வரணும்."

"நீதான் திங்கக்கூடாதேக்கா."

"நான் திங்காட்டி என்னடா? வாசல்ல சாத்தி வைக்கணும். எந்தம்பி வந்திருக்கான்னு தெரு பாக்க வேண்டாமா?" மேல்படியில் அழகர்சாமியின் தலை தெரிந்தது, இவளைப் பார்த்துவிட்டுப் பையோடு வேகமாக இறங்கிவந்தார். அவள் பஞ்சை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த வருசமும் வரணும். அதுக்கு அடுத்த வருசமும் வரணும். இவதான் போயிருவாளேன்னு ஒரு பொங்கலுக்கு விட்டுப்புட்டேன்னு வையி, மிஷினோட வந்து உன் வீட்டு வாசல்ல உக்காந்திருவேன், ஆமா."